ஏரிச் சேற்றில் ஊறிய ஈட்டிகள்

பாகூர் வட்டாரத்தில் ஈட்டி பார்த்து வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா சொன்னேன். அன்றுவரை நான் பார்த்த ஒரே ஈட்டி, அய்யனார் கோயில் வீரன் கையில் இருந்த சிமெண்டு ஈட்டிதான். எழுதுவது என் மகள், அளப்பது நான்.

எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மைதானம் பெருக்குகிற வேலை எனக்கு. படிக்கப் போகாத பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கினேன். ஈட்டி எறியும் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு விளையாட்டு வாத்தியார் என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்.

"கூரை போடுற குடும்பம், மூங்கில் உனக்குத் தெரியும். நேரா இருக்கறதா நாலு மூங்கில் ஈட்டி எடுத்துட்டு வா."

கடையில் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், தரையில் உருட்டினேன், தட்டிக் காது வைத்தேன்.

"இன்னாபா, ஈட்டி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பார்க்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைய இப்டிப் பார்த்திருந்தா எனக்கு யாருங்க பொண்ணு குடுத்திருப்பாங்க?"

அதுவரை சரி. ஆனால் எங்கள் வீட்டில் புது மூங்கிலை ஏரிச் சேற்றில் ஊறப்போடாமல் கூரையில் ஏற்ற மாட்டோம். ஊறினால் பூச்சி அரிக்காது. நல்ல மனசோடு நாலு ஈட்டியையும் மூன்று நாள் சேற்றில் புதைத்தேன். எடுத்து வெயிலில் போட்டு, முனையில் ஏறிய துருவைச் சாம்பலால் தேய்த்தேன். ஒன்றில் கைப்பிடிக் கயிறு தளர்ந்திருந்தது. விலக்கினால், அடியில் மூங்கில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. வேலை போய்விடுமே என்று கயிற்றை இறுக்கிச் சுற்றி மறைத்தேன்.

போட்டியன்று எங்கள் பள்ளியிலிருந்து எறிய ஒரே பெண். நாற்று நடுகிற குடும்பம். பள்ளி விட்டால் அவளும் வயலில் இறங்குவாள். நாலில் அவள் எடுத்தது அந்த ஒன்றைத்தான். எறியும் வேகத்தில் பிளந்தால் சிராய் உள்ளங்கையில் புகுந்துவிடும். என் சித்தப்பாவுக்கு அப்படிப் புகுந்த கை பிறகு மடங்கவே இல்லை. அவள் ஓடத் தொடங்கினாள். நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"யோவ், குத்திக்கப் போவுது. நடுவுல இன்னாயா பண்ற?" என்றார் வாத்தியார்.

"அது வேணாம் சார். வெடிச்சிருக்கு. நான்தான் கயிறு சுத்தி மறைச்சேன்."

"எப்டியா வெடிச்சுது?"

"நாலையும் ஏரில ஊறப்போட்டேன் சார். பூச்சி வராதுன்னு."

வாத்தியார் அந்த ஈட்டியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் கேட்டாள்: "ஏண்ணே, இத நான் எறியணுமா, கூரைல சொருவணுமா?"

அவர் இன்னொன்றின் கயிற்றை அவிழ்த்து, தடவிப் பார்த்து, சுற்றிக் கொடுத்தார். அதுவும் அதே சேற்றில் கிடந்ததுதான். அவள் ஓடினாள். நான் கண்ணை மூடிக் குந்திவிட்டேன். தூரத்தில் மண்ணில் குத்துகிற சத்தம். திறந்தால், அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் தடம் மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே நின்றும்விட்டது. வாத்தியார் வெடித்த ஈட்டியோடு என்னை நோக்கி வந்தார். வந்தவர் என்ன செய்தார் என்றால்...

"யோவ், கொழாய்ல தண்ணி வந்துடுச்சு. கொடத்த எடுத்துக்கினு வாயா" என்று இப்போது என் மனைவி வாசலில் நிற்கிறாள். வாத்தியாராவது ஈட்டி வைத்திருந்தார்; இவளுக்கு அதுவும் தேவையில்லை.