பர்மா இடியாப்பம்

செங்கம்மாள் பயப்படாத ஒரே பொருள் மீன்தான். பழவேற்காட்டிலிருந்து வருகிற கெளுத்தியின் முள்ளை வெறுங்கையால் ஒடித்துப் போடுவாள். மற்றபடி காக்கி உடுப்பு, காகிதக் கட்டு, பேர் கேட்கிற ஆள் எல்லாமே அவளுக்குப் பயம்தான்.

எழுபத்து நாலில் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே ஓலைச் சார்ப்பு ஒன்று போட்டுக் காலை நாஷ்டா விற்றுக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்தான் வாடிக்கை. இடியாப்பத்தின் மேல், கெளுத்தி கரைய வெந்து வாழைத்தண்டு மிதக்கிற மீன் சாற்றை ஊற்றுவாள். கடலைமாவுத் தட்டையை நொறுக்கித் தூவி, எலுமிச்சம்பழம் பிழிவாள். கேட்டவர்களுக்கெல்லாம் "எங்க ஆரணி பக்கத்துச் சமையல்" என்று ஒரே பதில்.

ஆரணியில் எந்த வீட்டில் மீன் சாற்றில் வாழைத்தண்டு போடுகிறார்கள்? கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இது பர்மாது. ரங்கூன்ல தெருவுக்குத் தெரு விப்பான்." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஸ்டேஷன் முழுக்க அதற்குப் பர்மா இடியாப்பம் என்று பேராகிவிட்டது. செங்கம்மாள் மறுக்க மறுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஜனங்களுக்கு ஒரு பேர் பிடித்துவிட்டால் சமைத்தவளையா கேட்பார்கள்?

அவளுக்கு அது விளையாட்டில்லை. ரங்கூனில் அவளும் புருஷன் அருணகிரியும் வேகவைத்த கொண்டைக்கடலை விற்றவர்கள். அங்கே அதற்குக் கலாபே என்று பேர். பே என்றால் பருப்பு. கலா என்றால் இந்தியாவிலிருந்து வந்தவன். கடலைக்கு அந்தப் பேரைச் சொல்லி ரசித்துத் தின்ற அதே தெரு, பிறகு மனுஷர்களைப் பார்த்துக் 'கலா, கலா' என்று கத்தியது. அறுபத்தஞ்சில் ஊர் திரும்பக் கிளம்பியபோது, கப்பல் துறையில் அருணகிரியின் காகிதத்தில் ஒரு முத்திரை குறைகிறது என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். "நீ போ, அடுத்த கப்பல்ல நான் வரேன்" என்றான். அதற்கப்புறம் ஒரு கடுதாசிகூட இல்லை.

மெட்ராஸில் பர்மா அகதி முகாமில் அவளை எங்கோ தொலைதூரத்துக்கு அனுப்பப் பட்டியல் போட்டார்கள். அவர் வந்து இறங்கப் போவது மெட்ராஸில், நான் அங்கே போய் என்ன செய்வேன் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். ஓடிப்போனவள் என்று பட்டியலில் எழுதியிருப்பார்கள், பர்மா என்ற பேர் காதில் விழுந்தால் வந்து பிடித்துப்போவார்கள் என்று ஒன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

இதெல்லாம் தெரியாமல், தினமும் நாஷ்டாவுக்கு வருகிற பெயின்டர் ஜெயராஜ் ஒரு திங்கட்கிழமை தகரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். கம்பெனியில் மிஞ்சின சிவப்புப் பெயின்டில் 'பர்மா இடியாப்பம்' என்று கொட்டை எழுத்து.

"எப்டிகீது யக்கா?"

"கழட்டு நைனா. உனக்குக் கோடிப் புண்ணியம், கழட்டு."

அவன் சிரித்துக்கொண்டே ட்ரெயினுக்கு ஓடிவிட்டான். அவள் பலகையைத் திருப்பி மாட்டினாள். எழுத்து சுவரைப் பார்த்தது.

புதன்கிழமை காலை கையில் பைலோடு ஒருவர் ட்ரெயினிலிருந்து இறங்கி வந்தார்.

"இங்க பர்மா இடியாப்பம் விக்கிறது யாரும்மா?"

"தெரியாது சார். நான் ஆரணி."

"பர்மாலேர்ந்து வந்தவங்க யாருமே இல்லியா?"

"இல்ல சார்."

அவர் பைலைத் திறந்து பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார். செங்கம்மாள் அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

சற்று நேரத்தில் ஜெயராஜ் வந்தான். "அந்த பைல்காரரு உன்னாண்ட வந்தாரா? நேத்து எங்க கம்பெனிலயும் விசாரிச்சாரு. புதுசா பர்மாலேர்ந்து வந்த ஒருத்தரு கும்மிடிப்பூண்டி முகாமுல கீறாராம். இந்த இடியாப்பம் பேரைக் கேட்டுட்டு, இது என் சம்சாரம் கைப்பக்குவமாத்தான் இருக்கும், போய்ப் பாருங்கன்னு அழுதாராம். அருணகிரியோ என்னவோ பேரு."

செங்கம்மாள் பலகையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அடுப்பில் சாறு பொங்கி வழிந்தது. பிளாட்பாரத்தில் வண்டி ஊதிவிட்டது. பைல்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷத்துப் பயம் ஒரு அடிகூடப் பின்தங்காமல் அவள் கூடவே ஓடிவந்தது. பலகையைத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், பர்மாக்காரி நான்தான். அருணகிரி சம்சாரம். செங்கம்மா."

அவர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் பேரைக் கோடு போட்டு அடிச்சிட்டேனேம்மா."

வண்டி நகரத் தொடங்கியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"அடிச்சதுக்கு மேல எழுதிக்கோ சார். பர்மான்னு பெருசா எழுது."