சிவப்பு எழுத்தில் வந்த எரர்

ஒரு பெண் சொன்ன உண்மையை நான் பொய்யாக்கினேன். அதற்கு ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பெருங்களத்தூரில், குடியிருப்புகளின் தண்ணீர் மோட்டார்களுக்கு கன்ட்ரோலர் செய்யும் சிறிய நிறுவனத்தில் நான் மூத்த பொறியாளனாக இருந்தேன். ஒரே மென்பொருளைப் பல வகை சர்க்யூட் போர்டுகளுக்கு ஏற்றபடி தயார் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதி வைத்திருந்தேன். போர்டின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய செட்டிங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். தெரியாத பெயர் என்றால், எதுவும் சொல்லாமல் டெஸ்ட் செட்டிங்குக்குப் போய்விடும். அதில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு கிடையாது. மேசையில் வைத்து வெறுமனே ஓட்டிப் பார்ப்பதற்காக நான்தான் அதை எடுத்துவிட்டிருந்தேன்.

புது போர்டு ஒன்று வந்தது. மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் இளம் பொறியாளர் ஒருவர் அதற்கு மென்பொருள் தயார் செய்தார்.

"சார், இந்த போர்டு பேரு ஸ்கிரிப்ட்ல இருக்கா?"

"இல்லன்னா அதுவே எரர் காட்டி நின்னுடும்மா. ஓட்டிப் பாரு" என்றேன், நான் எழுதியதையே மறந்து.

ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. பெயர் இருக்கிறது என்று நம்பி அவர் அனுப்பிவிட்டார். அந்தக் கோடையில் ஒரு குடியிருப்பின் சம்ப் தொட்டி வறண்டது. மோட்டார்கள் நிற்காமல் ஓடி எரிந்துபோயின.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். போவதற்கு முன் ஸ்கிரிப்ட்டைத் திறந்து, தெரியாத பெயர் வந்தால் எரர் காட்டி நிற்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பழைய பிரதியை வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"எரர் எதுவும் வரல சார். வந்திருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார் அவர்.

எல்லோர் முன்னாலும் நான் ஓட்டிக் காட்டினேன். சிவப்பு எழுத்தில் எரர் வந்து நின்றது.

"அப்போ எரரைக் கவனிக்காம நீயே டெஸ்ட் செட்டிங்கைப் போட்டு அனுப்பிட்டியாம்மா?" என்றார் முதலாளி.

"புது ஸ்கூட்டி குஷி சார், எரர் எங்க கண்ணுக்குத் தெரியும்?" என்றார் சக ஊழியர் ஒருவர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரங்களில் வேலையை விட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். சிறுசேரியில் பெரிய அலுவலகம் ஒன்றில் இருந்தார். வாசலுக்கு எதிரே டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். இல்லை.

"நான்தான் சரியாப் பாக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன் சார். இப்பவும் பில்ட் ஓடி மென்பொருள் தயாராகுற வரைக்கும் எழுந்து போக மாட்டேன். மேடம் அடை காக்கிறாங்கன்னு டீம்ல கிண்டல் பண்ணுவாங்க."

டீயை அவர் தொடவே இல்லை.

"என்கிட்ட சொல்லி என்ன சார்? அன்னைக்கு சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுவிடாமல் எழுதினேன். கைகூப்பும் படங்கள் வந்தன. "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் ஒருவர். "பழைய கதை, விடுங்க" என்றார் முதலாளி. எனக்குப் பாராட்டு வேண்டாம், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று மறுபடி எழுதினேன்.

ஸ்கூட்டி என்று கேலி செய்தவர் மட்டும் எனக்குத் தனியாக போன் செய்து, மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டார். கொடுக்கலாமா என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டுகிறது. பதில் வரவில்லை. மறுபடி கேட்க எனக்கு முகமில்லை.