நின்றுகொண்டிருந்தவர்

அன்று அந்த அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம்: முதியவர், கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலேறி வந்த அவருடைய மாணவர்கள் இருவர், நான். இல்லாதவர் ஒருவர், முதியவருக்கு யூதர்களின் மறைநூலான தோராவைக் கற்பித்த ஆசிரியர். அவர் இறந்து பல காலமாகிவிட்டது.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான்தான். முதியவர் யூத மதகுரு. மகள் இந்த ஊரில் இருப்பதால் இங்கே வந்தவர். நினைவு பெரும்பாலும் போய்விட்டது. மாணவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார்கள், அவர் உட்காரும்வரை உட்காரமாட்டார்கள். தவறாக எதையாவது சொன்னாலும் திருத்தமாட்டார்கள்.

பிற்பகல் இருட்டத் தொடங்கும்போது நடைவழியின் தானியங்கிக் கதவு திறக்கும். யாரும் வரமாட்டார்கள். பழுது பார்க்க வந்தவர் கதவில் குறையில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் முதியவர் கைகளை ஊன்றி எழுவார். ஜன்னலோரம் காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்பார். யாரோ அமர்வதைக் கண்டவர்போல், சற்றுப் பொறுத்துத் தானும் அமர்வார்.

"தம்பி, இவர் ஆருக்கு எழும்பிறார்?" என்று என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார்.

"தெரியேல்லை அக்கா."

"நான் அந்த அறைக்குத் தனியப் போகமாட்டன். நீ படிச்சனிதானே, நீ போ."

"நான் படிச்சது மருந்து குடுக்க அக்கா, பேய் கலைக்க இல்லை."

முதியவரின் கால்கள் தளர்ந்துகொண்டே வந்தன. விழுந்து இடுப்பு முறிந்தால் அவர் இனி நடக்கமாட்டார் என்று இல்லத்தின் பொறுப்பாளர் அஞ்சினார். அந்த நாற்காலி இல்லாவிட்டால் எழும்ப மாட்டார் என்று நினைத்து, அதைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார்.

அன்றுதான் மாணவர்கள் வந்திருந்தார்கள். கதவு திறந்தது. முதியவர் எழுந்தார், அவர்களும் எழுந்தார்கள். அவர் உட்காரவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அவர் கால்கள் மடங்கத் தொடங்கின. அவர் பார்வை ஜன்னலோரத்தில், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் நிலைத்திருந்தது.

மூத்த மாணவர் தாழ்ந்த குரலில், "இவருடைய ஆசிரியர் நிற்கிறார். அவர் நிற்கையில் இவர் எப்படி உட்காருவார்?" என்றார்.

"அங்கே ஒருவரும் இல்லையே."

"எனக்கும் ஒருவரும் தெரியவில்லை. நாற்காலியைக் கொண்டுவாருங்கள்."

முதியவரை அவர்கள் தாங்கிக்கொள்ள, நான் ஓடிப்போய் அதைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு விலகினேன். ஓர் ஆள் அமர்ந்தால் நாற்காலி மெத்தையிலிருந்து மெல்லக் காற்றுப் போகுமே, அந்தச் சத்தம் கேட்டது. முதியவர் அமர்ந்தார். பிறகு மாணவர்கள் அமர்ந்தார்கள். நான் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

அவரை எழும்பாமல் தடுக்க முடியாது என்று பொறுப்பாளருக்கும் விளங்கிவிட்டது. விழாமல் எழும்ப, ஆளைத் தாங்கி உயர்த்தும் மின்சார நாற்காலி வேண்டும். முதியோருக்கு உதவிக் கருவிகள் தரும் நகராட்சி இதைத் தர மறுத்தது. மாணவர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள்.

"மற்றவருக்கும் ஒண்டு வாங்கச் சொல்லன் தம்பி," என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

இப்போது கதவு திறந்தால் நான் பொத்தானை அழுத்துகிறேன். நாற்காலி முனகியபடி அவரைத் தூக்கி நிறுத்துகிறது. ஜன்னலோரத்தவர் அமரும்வரை இருவரும் நிற்கிறோம். மாணவர்கள் வாங்கிய அந்த நாற்காலியின் விலை ஒன்பதாயிரத்து எண்ணூறு டேனிஷ் குரோனர்.