அம்மா அழுத காட்சி

எங்கள் சுரங்க ஊரான ஒருரோவில் சினிமா எடுப்பவர்கள் என்றால் கசில்தா கோல்கேயும் அவள் தம்பி தியோபிலோவும்தான். அவர்களுடைய அண்ணன் ரூபெர்தோ வெள்ளீயச் சுரங்கம் சரிந்து செத்துப்போனவன். அந்தச் சாவையே இருவரும் சேர்ந்து படமாக்கினார்கள்.

தாயாக நடிக்க, சமவெளியிலுள்ள சாந்தா குரூஸிலிருந்து வந்த நடிகைக்கு எங்கள் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. வந்த வேகத்தில் திரும்பிவிட்டாள். அதனால் சந்தையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் தங்கள் அம்மா பசிலியாவையே நடிக்க வைத்தார்கள்.

சுரங்க வாசலில் பிணமாகப் படுத்திருந்தவன் பக்கத்து வீட்டுக்காரன். பசிலியா துணியை விலக்கி அவன் முகத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தொட்டவள் "ரூபெர்தோ!" என்று அலறி அவன் மார்பில் விழுந்தாள்.

"போதும், நிறுத்துடா!" என்று கசில்தா கத்தினாள். தியோபிலோ காமிராவை நிறுத்தவில்லை.

சிறந்த இயக்குநருக்கான நாட்டின் பெரிய விருதில், கடைசிச் சுற்றில் அந்தப் படம் நின்றது. ஊரே கொண்டாடியது. எங்கள் வழக்கப்படி மண்தாய்க்கு பீர் தெளித்தோம், பாண்டு வாசித்தோம், கொட்டகையில் படம் பார்த்து அந்தக் காட்சிக்குக் கை தட்டினோம்.

மறுநாள் சந்தையில் பெண்கள் பசிலியாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னமா அழுதுட்டக்கா! எனக்கும் சொல்லிக் குடேன், என் புருஷன்கிட்ட ஒரு தடவ அழுது பாக்குறேன்."

பசிலியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை.

"அந்தக் காட்சிய வெட்டி எடுத்துரு" என்றாள் கசில்தா.

"அக்கா, கடைசிச் சுற்றுல நிக்கிறதே அதாலதான்!"

"அது அம்மா அழுத அழுகைடா. நாம இயக்குனது இல்ல."

தியோபிலோ அம்மாவிடம் போனான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காட்சிய வெட்டிரட்டுமாம்மா?"

"அந்தப் பையன் கன்னம் சூடா இருந்துச்சுடா. நம்ம ரூபெர்தோ சில்லுனு கெடந்தான். சூட்டத் தொட்டதும் தாங்கல எனக்கு. படத்துல அந்தச் சூடு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப எதப் பாத்துக் கை தட்டுறாங்க?"

அவனும் உட்கார்ந்து மிச்சக் கிழங்குகளை உரித்துக் கொடுத்தான். பிறகு, யாரும் மறுபடி கேட்காமலே, காட்சியை வெட்டினான். இனி இதுதான் படம் என்று சொல்லி, புதிய பிரதியை நடுவர்களுக்கு அனுப்பினான். அதில் அம்மாவின் கை துணிக்கு மேலே வந்து நிற்கும். அத்தோடு திரை இருண்டுவிடும்.

லா பாஸில் நடந்த விழாவில் விருது வேறொருவருக்குப் போனது. அக்காவும் தம்பியும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

திரும்பும் பேருந்தில் தியோபிலோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "படம் நொண்டியாயிடுச்சுக்கா."

"ஆமாடா. எனக்கும் தெரியும்."

தவறு செய்துவிட்டோம் என்று அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. வழியில் பேருந்து நின்றபோது கசில்தா இறங்கிப்போய் இருவருக்கும் சூடாக சூப்பு வாங்கி வந்தாள். அவன் வாங்கிக் குடித்தான்.