அப்பாவின் விரலும் குசினி விளக்கும்

அப்பா ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இஞ்சாரும்... இஞ்சாரும்" என்பார். நடுவில் ஒரு மூச்சு விட்டு, எப்போதும் இரண்டு முறை. பக்கவாதம் வந்தபின் பேச்சு போய்விட்டது. கண்களைத் தவிர, உடம்பில் சொன்னபடி கேட்டது வலக்கை ஆட்காட்டி விரல் மட்டும்தான். கொம்யூன், அதாவது இங்குள்ள நகரசபை, கையில் கட்டிவிட்ட அபாயமணியை அழுத்தினால், எங்கோ இருக்கும் ஒருவர் பேச முடியாத மனிதரிடம் நொர்வேஜிய மொழியில் நலம் விசாரிப்பார். அப்பாவுக்கு வேண்டியதோ அடுத்த அறையில், குசினி அடுப்படியில் நிற்கும் அம்மா.

நான் கணக்கியல் மென்பொருள் எழுதுகிறவள். இத்தனை வருடமாக எழுதியதில் ஒரு துரும்புகூட அசைந்ததில்லை. எல்லாம் திரைக்குள் பிறந்து திரைக்குள்ளேயே முடிபவை. அதனால் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கி, அதன் ஓரத்தில் முள்ளுமுள்ளாக நிற்கும் பின்களில் ஒன்றோடு சிறு விளக்கொன்றை இணைத்து, ஒரு வரி எழுதி ஓட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புருசெத் என்ற இந்த நொர்வேப் புறநகரில், எங்கள் வீட்டுக் குசினியில், நான் தட்டிய எழுத்து வெளிச்சமாகி நின்றது. அணைத்தேன், எரித்தேன், திரும்ப அணைத்தேன்.

"கண் கூசுது, விடு பிள்ளை," என்றார் அம்மா.

இன்னொரு பின்னோடு ஒரு பொத்தானை இணைத்து அப்பாவின் விரலடியில் வைத்தேன். அவர் அழுத்தினால் குசினியில் விளக்கு எரியும், அம்மா ஓடுவார்.

ஓடினார். முதல் நாளே ஓடி ஓடிக் களைத்தார். போகும்போதெல்லாம் அப்பா கண்களை இடமும் வலமும் அசைத்தார், தான் கூப்பிடவில்லை என்று. கடைசியில் அம்மா விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

"அவர் கூப்பிட்டா எரியும் எண்டாய். இது ஆரும் கூப்பிடாமலே எரியுது. எனக்கு வேண்டாம்."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலையிடத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். முன்பு இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதியவர். அவரிடம் சொன்னேன்.

"புல்-அப் போட்டீங்களா?" என்றார். நான் முழித்தேன். "பட்டனை அழுத்தாதப்போ அந்தப் பின் எதோடயும் சேராம அந்தரத்துல நிக்குதுங்க. பக்கத்துல யாராவது கையைக் கொண்டு போனாலே போதும், ஒண்ணா சைபரான்னு ஆட ஆரம்பிச்சுடும்."

மாற்றியது ஒரே ஒரு வரி. கம்பியைக்கூட நான் தொடவில்லை. அந்த வரி, கணினியின் சில்லுக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு மின்தடையை, அவர் சொன்ன புல்-அப்பை, பின்னோடு சேர்த்துவிட்டது. இனி அழுத்தாதவரை ஒன்று, அழுத்தினால் மட்டும் சைபர். வெறும் எழுத்து உலோகத்துக்குள் இறங்கி, ஆடுகிற ஒன்றைக் கைபோலப் பிடித்து நிறுத்துகிறது. எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் வியப்பு அடங்கவில்லை.

விளக்கை மறுபடி முன்பக்கம் திருப்பினேன். காலையில் எரியவில்லை, மத்தியானமும் எரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா விளக்கைப் பார்க்காதவர்போல வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எரியாமல் இருப்பது சரியா பழுதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் இன்னும் ஒருமுறை ஏமாந்தால் அந்த விளக்கு குப்பைக்குத்தான் போகும்.

பின்னேரம் விளக்கு எரிந்து அணைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி எரிந்தது.

அம்மா ஓடவில்லை. கத்தியை வைத்தார், கையைச் சேலையில் துடைத்தார், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஓமப்பா, வாறன்."