பூட்டு வரியும் பீங்கான் தொட்டியும்

யாதவகிரி மேட்டில் ரத்ன விலாஸ் என்று ஒரு பங்களா இருந்தது. நாற்பத்திரண்டு ஜன்னல்கள். அத்தனையையும் திறந்துவிட்டு மூடுவதற்கு முதல் ஜன்னலுக்குத் திரும்பி வந்தால், அதற்குள் அங்கே குருவி கூடு கட்டி முட்டையும் இட்டிருக்கும். ஜன்னல்களின் சொந்தக்காரர் ரத்தினவேல் முதலியார், மெட்ராஸில் இரும்பு வியாபாரி. வருஷத்தில் பத்தே நாள், தசராவுக்கு, மூன்று கார் நிறைய விருந்தாளிகளோடு வருவார். விஜயதசமியன்று யானை ஊர்வலம் பார்ப்பார். யானை லாயத்துக்குத் திரும்புவதற்குள் அவர் பெங்களூரைத் தாண்டியிருப்பார். மற்ற நாளெல்லாம் நாற்காலிகள் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கும்.

அந்த நாற்காலிகளுக்குத் தூசி தட்டிவந்தவள் ஜயம்மா. மேல்கோட்டை ஐயங்கார் வம்சம். லோயர் செகண்டரி தேறியவள். கன்னடம் படித்தால் பள்ளிக்கூட வாத்தியாரே எழுந்து நிற்பார். கணவர் விட்டுப்போனது தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், இரண்டு அறையும் ஓர் அடுப்பும். காலையில் பங்களாவுக்குப் போய் நாலு அறையைப் பெருக்கிவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் தன் அடுப்பங்கரைக்கு வந்துவிடுவாள். பிறகு புளியோகரைக் கொஜ்ஜு, அதாவது புளியோதரைக்குப் போடும் புளிக்காய்ச்சல், கிளறுவாள். கெட்டியாக, கறுப்பாக, எண்ணெய் மிதக்க அவள் கிளறும் கொஜ்ஜில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால், பழைய சாதம்கூடத் தன்னைக் கல்யாணச் சாதம் என்று நினைத்துக்கொள்ளும். மார்க்கெட்டில் மூன்று கடைகள் அதை நம்பியிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் சிநேகிதி ஸரஸா. சாயங்காலம் இரண்டு பேரும் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டால் சந்தில் ஒரு வீட்டு ரகசியமும் தப்பாது. ஜயம்மாவுக்கு வேறு சுகம் வேண்டியிருக்கவில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தபோது நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. ஊரில் குடியிருக்க வீடு கிடைக்காமல் ஜனங்கள் அலைகிறார்கள். பெரிய மனிதர்களோ பங்களாவைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே வருஷத்தில் ஆறு மாதத்துக்குமேல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மூன்று மடங்கு வரி. ஜனங்கள் அதற்குப் பூட்டு வரி என்று பெயர் வைத்தார்கள். ஜயம்மாவும் ஸரஸாவும் அன்றைக்குச் சுவரோரம் நின்று, நல்ல காரியம் என்று சிரித்துக்கொண்டார்கள்.

மறுவாரமே முதலியார் காரில் வந்து இறங்கினார்.

"அம்மா, இனிமே நீங்க இங்கதான் இருக்கணும். ராவும் பகலும்."

"இங்கேயா? என் வீடு என்னாறது?"

"அதுக்கு ஒரு பூட்டுப் போடுங்க. இன்ஸ்பெக்டர் எப்ப வேணா வருவானாம். வர்ற நேரத்துல ஆள் இல்லேன்னா பூட்டின வீடுன்னு எழுதிடுவானாம். ஜன்னல் தெறந்திருக்கணும், ரேடியோ பாடணும், சமையக்கட்டுல புகை வரணும். குடும்பம் நடக்குதுன்னு தெரியணும்."

"முதலியார்வாள், எனக்கு அங்கே கொஜ்ஜு வேலை..."

"நம்ம கேசவமூர்த்தி ஆபீசுல நல்லா வேலை பாக்கறான்மா," என்றார் முதலியார், வேறு எதையோ பேசுகிறவர்போல. "தங்கமான பையன்."

கேசவமூர்த்தி ஜயம்மாவின் ஒரே பிள்ளை. முதலியாரின் ஆபீசில் குமாஸ்தா. போன ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே ஜயம்மா தன் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தாலிச்சரடு இருந்த இடத்தில் கயிறு கோத்துக் கட்டிக்கொண்டாள்.

பங்களாவில் அவளுக்குத் துணை தோட்டக்காரன் மல்லப்பன், கௌதள்ளி கிராமத்துக்காரன். தினமும் காலையில் முதலியாரின் பத்துச் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து, யாருமே போடாத அவற்றைத் துவைத்து, வீதிக்குத் தெரியும்படி கொடியில் உலர்த்துவது அவன் வேலை.

"ஒரு நாளுங்கூட உடம்புல ஏறாத சட்டை, துவைச்சே கிழிஞ்சு போச்சுங்கம்மா," என்று ஒரு நாள் காலர் மட்டும் கையில் மிஞ்சியதைக் காட்டினான். "முதலாளி கேட்டா வேர்வையில இத்துப் போச்சுன்னு சொல்லட்டுங்களா?"

சட்டையாவது இற்றுப்போய் விடுதலை பெற்றது. ஜயம்மாவால் வாசற்கதவைத் தாண்ட முடியவில்லை. ஏகாதசிக்குக் கோயில் இல்லை, கல்யாணம் கார்த்திகை இல்லை. தசராவுக்கு முதலியார் வந்த பத்து நாளும் மாடிக் கோடி அறையில் முடங்கிக் கிடந்தாள். ஹாலின் நிலைக்கண்ணாடியில் தினமும் ஒரே ஒரு மனுஷி அவளைப் பார்க்க வந்தாள், அவள் பேசமாட்டாள்.

பெரிய கஷ்டம் அடுப்பு. தசரா விருந்துக்குக் கீழே அந்தச் சமையற்கட்டில் ஆட்டுக்கறி வேகும். ஜயம்மாவின் மடி ஆசாரத்துக்கு அங்கே வெந்நீர்கூடப் போட முடியாது. மல்லப்பன் பெரிய அடுப்பில் தென்னமட்டையைக் கொளுத்திப் புகையை மட்டும் மேலே அனுப்பினான். ஜயம்மா வீடு முழுக்கத் தேடி, ஆசாரத்துக்குப் பங்கமில்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அது மாடிக் குளியலறை. அங்கே லண்டனிலிருந்து கப்பலில் வந்த பீங்கான் தொட்டி ஒன்று, இரண்டு எருமை படுக்கிற அளவுக்கு. அதில் எப்படி ஏறி எப்படி இறங்குவது என்று தெரியாததால் முதலியார் குடும்பத்தில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. எல்லோரும் கீழே அண்டா வெந்நீரில்தான் குளித்தார்கள். ஆகவே அந்த மாளிகையிலேயே தீட்டுப் படாத பாத்திரம் அது ஒன்றுதான். பக்கத்தில் குமுட்டி அடுப்பை வைத்துத் தன் தளிகையை முடித்துக்கொண்டாள். தொட்டியில் பதினைந்து வீசைப் புளியை ஊறப்போட்டு, மார்க்கெட் கடைகளுக்கு மல்லப்பன் தலையில் கொஜ்ஜு டப்பாக்களை அனுப்பினாள்.

தை மாதம் ஸரஸா மூச்சிரைக்க மேடேறி வந்தாள்.

"உன் வீட்டு வாசல்ல ஒரு மனுஷன் வந்து நின்னாண்டி. பூட்டை ஆட்டிப் பார்த்தான், நோட்டுல ஏதோ எழுதிண்டு போனான். இது மூணாவது தடவை. உனக்கும் பூட்டு வரியாம்!"

ஜயம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இன்னும் இரண்டு மாதம் அது பூட்டிக் கிடந்தால், கட்ட வழியில்லாமல் அந்த இரண்டு அறையும் ஏலத்துக்குப் போகும். பிறகு திரும்பிப்போக எது இருக்கும்?

பத்து நாள் கழித்து அதே மனுஷன் ரத்ன விலாஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். நெற்றியில் நாமம், கையில் நோட்டு. இன்ஸ்பெக்டர் நரசிம்மமூர்த்தி. அவனும் மேல்கோட்டைக்காரன். ரேடியோ பாடியது, சட்டைகள் ஆடின, புகைபோக்கி ரயில் இன்ஜின்போலப் புகைத்தது. அவன் எதையும் பார்க்கவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய், எரிகிற மட்டையைப் பார்த்தான், கறி வெட்டும் கட்டையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த அடுப்புலயா நீங்க தளிகை பண்றேள்?"

ஆமாம் என்றால் பங்களா தப்பும், பிள்ளையின் வேலையும் தப்பும். ஆனால் ஜயம்மா கறிச் சட்டியில் சாப்பிடுகிறாள் என்ற சேதி அவளுக்கு முன்னால் மேல்கோட்டை போய்ச் சேரும். அப்புறம் ஒரு வீட்டில் அவள் கையால் தீர்த்தம்கூட வாங்கமாட்டார்கள், கொஜ்ஜை நாய்கூட முகராது. இல்லை என்றால் கேசவமூர்த்தி புது மனைவியோடு தெருவில் நிற்பான்.

"ராம ராமா! இதுலயா?" என்று அவளை மீறி வந்துவிட்டது.

"பின்னே எங்கே?"

மாடிக்கு அழைத்துப் போனாள். தொட்டி நிறையப் புளி, நுரைத்துக்கொண்டு. நரசிம்மமூர்த்தி நோட்டைத் திறந்தான்.

"சந்துல பூட்டிக் கிடக்கிற வீடு உங்களுதுதானே? அங்கே இருக்கவேண்டியவா இங்கே இருக்கேள். இங்கே இருக்கவேண்டியவர் மெட்ராஸ்ல இருக்கார். நான் யாரை எங்கேன்னு எழுதறது?"

"என் பிள்ளை அவர்கிட்டே வேலை பார்க்கறான்பா," என்றாள் ஜயம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

அவன் நல்லவன். அதுதான் வினை. யோசித்து யோசித்து, பூட்டின வீடு என்றும் எழுதாமல், குடியிருக்கும் வீடு என்றும் எழுதாமல், 'தின்பண்டம் தயாரிக்கும் தொழிற்கூடம்' என்று எழுதிவிட்டுப் போனான்.

பங்களாவைத் தொழிற்கூடமாக்கியதற்கு முதலியார் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று ஜயம்மா நம்பினாள். டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்து, அதன்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். கார் வந்தது. முதலியார் சிரித்துக்கொண்டே இறங்கினார். தொழிற்கூட வரி, பூட்டு வரியில் கால்வாசிகூட இல்லையாம்.

"பலே அம்மா! இந்த மூளை எனக்கு வரலியே! இனிமே ஒரு தொட்டி இல்ல, நாலு தொட்டி எறக்கறேன். நீங்கதான் மேனேஜர். நகரவே கூடாது. வேலை நடக்கலேன்னா பழையபடி பூட்டு வரி!"

தசராவுக்கு விருந்தாளிகள் வாயில் நீர் ஊறியபடியே தங்கலாம் என்று தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார். மல்லப்பன் டிரங்குப் பெட்டியை மறுபடி மாடிக்குத் தூக்கிப் போனான். ஜயம்மா பின்னாலேயே ஏறினாள். பன்னிரண்டு படி, அன்றைக்கு நூற்றிருபதாக இருந்தது.

நகரசபை அனுப்பிய லைசென்ஸை முதலியார் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டச் சொன்னார். கண்ணாடி போடுமுன் ஜயம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடிப் பொடிக் கன்னடத்தில் இருபத்திரண்டு விதிகள். முதலியாருக்குக் கன்னடத்தில் பால்காரனைக் கூப்பிடத்தான் தெரியும்.

"இதுல என்னமோ போட்டிருக்கே, முதலியார்வாள்."

"என்ன போட்டிருக்கு?"

ஜயம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒன்பதாவது விதி: தொழிற்கூடத்தை வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம் மூடவேண்டும், மூடாவிட்டால் லைசென்ஸ் ரத்து. அதை அவள் தமிழில் சொன்னபோது ஒரு நாள் என்பது இரண்டு நாளாக வளர்ந்திருந்தது. "வெள்ளி, சனி. அன்னிக்கு உள்ளே மனுஷ நடமாட்டமே கூடாதாம்."

"ரெண்டு நாளா?"

ஓரமாக நின்ற மல்லப்பனுக்கும் கன்னடம் படிக்கத் தெரியும். அவனும் எட்டிப் பார்த்தான். ஒரு தரம் இருமினான்.

"ஆமாங்க முதலாளி," என்றான். "ரெண்டு நாளுன்னுதானுங்க போட்டிருக்குது."

அந்த வெள்ளிக்கிழமை ரத்ன விலாஸ் வாசலில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது, சட்டப்படி தொங்கியது. தேவராஜ மொஹல்லாச் சந்தில் ஒரு சின்னப் பூட்டுத் திறந்தது. ஜயம்மா கூடை கூடையாகத் தூசியை வாரிக் கொட்டினாள், வாசலில் கோலம் போட்டாள், தன் அடுப்பை மூட்டினாள். இனி யாரும் வந்து பூட்டை ஆட்டிவிட்டுப் போகமாட்டார்கள். வாரந்தோறும் திறக்கிற வீட்டைப் பூட்டின வீடு என்று எழுத முடியாது என்று நரசிம்மமூர்த்தியே சொல்லியனுப்பியிருந்தான்.

ஸரஸா சுவர்மேல் முழங்கையை ஊன்றினாள். "எத்தனை நாள்டி இருப்பே?"

"ஞாயித்துக்கிழமை காலம்பற போயாகணும்."

"அவ்வளவுதானா?"

ஜயம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "ஒன்பதாவது விதி வரைக்கும்தானே படிச்சிருக்கேன். இன்னும் பதிமூணு பாக்கி இருக்கு."