அளவு ஜாக்கெட்

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் வேலை. அங்கே தையல்கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு அவர் ஒரே வாரத்தில் ஆறு தடவை போனில் பேசியிருந்ததைப் பார்த்துவிட்டேன். விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போய், அவள் கடை வாசலில் நின்று கத்தினேன்.

"குடும்பத்த கெடுத்துக்கினு இருக்கியே, நல்லா இருப்பியா நீ?"

அவள் மிஷினை நிறுத்தினாள். அவர் பெயரைக் கேட்டுவிட்டு, ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள்.

"புதுசு தைக்கிறதுக்கு அவரு குடுத்த அளவு ஜாக்கெட்டு இது, அக்கா. ரெடியா ரெடியான்னு போன் மேல போன். இது உன்னுதா பாரு."

என் ஒரு கைகூட அதில் நுழையாது.

"யாருதுடி இது? எங்க இருக்கா அவ?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? எடுத்துக்கினு வந்தவர கேளு. அவர உட்டுட்டு இன்னும் எத்தினி பொம்பளைங்க வாசல்ல போயி கத்துவ?"

அவளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். முகம் தெரியாதவளைத் திட்ட வாய் நிறைய வார்த்தை இருந்தது. அவரைக் கேட்க ஒன்றுகூட வரவில்லை.

சாயங்காலம் ஜாக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"நான் இன்னாடி பண்ணுவேன், அவதான் வந்து வந்து பேசினா" என்றார்.

காலையில் நான் கத்தியதும் அதைத்தான், தப்பெல்லாம் பெண் மேல்தான் என்று. அவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.